தூண்டில் தடியின் நுனிக்கு எந்தப் பசை?

போன ஞாயிறு இரவு கடை பூட்டி, அடுப்புத் துடைத்து, பொரிக்கிற எண்ணெயை வடித்து வைத்துவிட்டுப் பின்கதவடியில் நின்றபோது, குசினியில் புதிதாய்ச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணை, அப்பாவின்ர தூண்டில் தடி நுனி வளையம் கழண்டு போச்சு. என்ன பசை போட்டு ஒட்டலாம்? சுப்பர் குளூ காணுமோ?"

காணாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொல்ல வெளிக்கிட்டால் விடிந்துவிடும் என்று சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன், இதை எழுதி வைத்தால் என்ன? ஒரு சின்ன வளையத்தை ஒட்டுகிற கதைக்குள் கட்டுமரம், அரக்கு, வல்வெட்டித்துறைக் கப்பல், பொருளாதாரத் தடை, காரைநகர், என்ர மாமா எல்லாரும் இருக்கினம். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கனடா வந்த முதல் வருசங்களில் ஒரே கடையில் என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர் இருந்தார். முல்லைத்தீவுப் பக்கம். கடல் தெரிந்த மனிசன். லீவு நாளில் ஸ்காபரோ புளவேர்ஸ் பார்க்குக்கோ பிக்கறிங் பக்கமோ கூட்டிக்கொண்டு போவார். ஊரில் நாங்கள் தடி பிடித்துத் தூண்டில் போட்டவர்கள் இல்லை. பால்மா ரின்னில் தங்கூசி சுற்றி, ஈயக்கட்டி கட்டி, கையால் வீசி எறிவதுதான். தடி, சுருள், லைசென்ஸ் எல்லாம் இங்கே வந்துதான் பழகினது.

ஒரு நாள் காரின் பின்கதவை நான் அடித்துச் சாத்தினேன். அண்ணையின் தடி நுனி அதற்குள். வளையம் பிதுங்கிக் கழண்டு விழுந்தது. தடிகள் மீன் இழுத்து முறிகிறதைவிடக் கார்க் கதவில் முறிகிறதுதான் கூட என்று பிறகு தெரிந்தது. "நான் ஒட்டித் தாறன் அண்ணை" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல்தரம் சுப்பர் குளூ. வேலை முடிந்து வந்த கையோடு ஒட்டினேன். இரண்டாவது வீச்சில் வளையம் தண்ணீருக்குள் போய்விட்டது. காரணம் இரண்டு. ஒன்று, எண்ணெய்ச் சட்டியில் நாள் முழுக்க நின்ற கை. எண்ணெய் பட்ட இடத்தில் எந்தப் பசையும் பிடியாது. இரண்டு, சுப்பர் குளூ தண்ணி மாதிரி ஓடுகிற பசை. இரண்டு பரப்பும் நெருங்கி ஒட்டி இருந்தால்தான் பிடிக்கும். வளையத்தின் குழாய்க்கும் தடிக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். அதை அது நிரப்பாது. இறுகியபின் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். சுண்டி அடிக்கிற அதிர்ச்சி தாங்காது.

இரண்டாம்தரம் விட்டேனா? இரண்டு குழாய் எபொக்ஸி வாங்கி, சரிசமமாய்க் கலந்து, மினுக்குக் கடதாசி போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, வடிவாய் ஒட்டினேன். அசையவில்லை. அண்ணை தட்டிப் பார்த்து "சிமெந்து போட்ட மாதிரி" என்றார். எனக்குப் பெருமை.

அடுத்த கோடையில் வளையத்துக்குள் இருக்கிற பீங்கான் வெடித்துவிட்டது. வெடித்த விளிம்பு நூலை அறுக்கும். வளையத்தை மாற்ற வேண்டும். ஆனால் அது வந்தால்தானே? குறட்டால் பிடித்து முறுக்கினேன். மூன்றங்குலத் தடியோடு சேர்ந்து வந்தது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. முறிந்த துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் பேசியிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும்.

அந்தக் கிழமை ஊருக்கு எடுத்த கோலில் மாமாவிடம் இதைச் சொன்னேன். மாமா காரைநகரில் சீநோர் படகுத் தளத்தில் பைபர் வள்ளம் செய்தவர். சிரித்துவிட்டுச் சொன்னார். "கழட்ட வேண்டி வாற இடத்தில ரெசின் போடலாமோடா? கட்டுமரத்தில ஏன் பசை இல்லையெண்டு எப்பவாவது யோசிச்சியே?"

யோசிக்கவில்லை. அன்றைக்குத்தான் தொடங்கினேன்.

கட்டுமரம் என்ற எங்கள் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் உலகம் முழுக்க ஓடுகிறது. கட்டிய மரம், அவ்வளவுதான். ஆணி இல்லை, பசை இல்லை, கயிறு மட்டும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாய்க் காயப் போடுவார்கள். ஊறிய மரம் பாரம், காய்ந்தால்தான் நாளைக்கு மிதக்கும். அவிழ்க்க வேண்டும் என்பதற்காகவே கட்டினது அது. ஒட்டியிருந்தால் ஒரு மாதத்தில் ஊறிச் செத்துப் போயிருக்கும்.

பலகை வள்ளம் வேறு கதை. அது தண்ணீர் விடக்கூடாது. பலகைகளைத் துளைத்துத் தென்னங்கயிற்றால் தைத்து, இடைவெளியில் நார் அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். குங்கிலியம் மரத்துப் பிசின். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். பழுதானால் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூசலாம்.

இந்த நாட்டின் பூர்வகுடிகளும் இதைத்தான் செய்தார்கள். பேர்ச் மரப்பட்டையை ஸ்புறூஸ் மர வேரால் தைத்து, அந்த மரத்துப் பிசினில் மிருகக் கொழுப்பும் கரித்தூளும் கலந்து பொருத்துகளில் பூசி வள்ளம் கட்டினார்கள். கொழுப்பு சேர்ப்பது குளிரில் பிசின் வெடிக்காமல் இருக்க. போகிற வழியில் ஒழுகினால் கரையில் நெருப்பு மூட்டிப் பிசினை உருக்கித் திரும்பப் பூசிக்கொண்டு போவார்கள். ஒன்றையொன்று கண்டிராத இரண்டு சனங்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கினம்: தைத்துக் கட்டு, சூட்டில் இளகுகிற பிசினால் அடை, பழுதானால் திருத்து.

அடுத்தது அரக்கு. பலாசு, இலந்தை மாதிரி மரங்களில் ஒட்டி வாழ்கிற ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் இது. பாரதத்து அரக்கு மாளிகை நெருப்பில் உருகியது என்று சின்ன வயதில் கதை கேட்டிருப்பீர்கள். உருகும் என்பதுதான் அரக்கின் குணம். ஊரில் கொல்லர் கத்திக்குப் பிடி போடும்போது, பிடியின் துளைக்குள் அரக்கைப் போட்டு, கத்தியின் வாலைச் சூடாக்கிச் செருகுவார். ஆறினால் பிடித்துக்கொள்ளும். பிடி வெடித்தால் திரும்பச் சூடாக்கிக் கழற்றலாம். தட்டார் நகையின் உள்கூட்டுக்குள் அரக்கு நிரப்புவதும் உங்களுக்குத் தெரிந்ததே. உலகத்து அரக்கின் பெரும்பங்கு இந்தியாவில்தான் விளைந்தது. அதை ஆராயவென்றே 1924இல் ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். பாகவதர் காலத்து இசைத்தட்டுகளும் அரக்கில் செய்தவைதான்.

மேற்கு நாடுகளில் தூண்டில் தடி செய்தவர்களும் இதே அரக்கையும் மரப்பிசின்களையும் கலந்து குச்சி குச்சியாய் வார்த்து வைத்திருந்தார்கள். தடியின் இரண்டு துண்டைச் சேர்க்கிற பித்தளைப் பூணையும் நுனி வளையத்தையும் அதனால்தான் ஒட்டினார்கள். விளக்குச் சுவாலையில் காட்டினால் இளகும், ஆறினால் பிடிக்கும். ஆக, காரைநகர் மாமா சொன்னதை வெள்ளைக்காரத் தடிக்காரர் நூறு வருசத்துக்கு முதலே தெரிந்து வைத்திருந்தார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

இனி மீனையே பசையாக்கின கதை. கனேடியன் ரயருக்குப் போனால் பசைப் பகுதியில் லெபேஜ் என்ற பெயரைக் கட்டாயம் காண்பீர்கள். வில்லியம் லெபேஜ் என்பவர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். 1870களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் பசை செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில் வேர் பிடித்த இடம் குளொஸ்டர் என்ற மீன்பிடித் துறைமுகம். அங்கே மலைமலையாய்க் கொட் மீன் உப்பிட்டுக் காயப் போடுவார்கள். கழித்துவிட்ட தோலைக் காய்ச்சித்தான் பசை எடுத்தார்கள். மீன் குழம்பு ஆறினால் சட்டியில் கட்டிபடுகிறதே, அந்தச் சத்துத்தான்.

குளொஸ்டர் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கி வேறு பெயர் சூட்டியபின், எங்கள் கடலோடிகள் ஓட்ட, 1938 ஆகஸ்டில் அத்திலாந்திக்கைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த துறைமுகம் அதுதான். எங்களுடைய ஆட்கள் அந்தக் கரையில் இறங்கியபோது மீன்தோல் காய்ச்சுகிற மணம் மூக்கில் அடித்திருக்குமோ என்று நான் அடிக்கடி நினைப்பேன். ஊர்க் கருவாட்டுக் கொட்டில் நினைவு வந்திருக்கும்.

அந்தக் கொட் மீனுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிப் பிடித்துப் பிடித்து, 1992 ஜூலையில் நியூபவுண்லாந்துக் கரையில் கனடா அரசு கொட் மீன்பிடியை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அந்த நியூபவுண்லாந்து மீனவர்கள்தான் 1986 ஆகஸ்டில் நடுக்கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எங்கள் சனம் 155 பேரைத் தூக்கிக் கரைசேர்த்தவர்கள். ஆறே வருசத்தில் அவர்களும் கடல் இல்லாத மீனவராய்ப் போனார்கள். கடற்கரையில் இருந்துகொண்டு கடலுக்குப் போக முடியாமல் இருப்பது என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, தடிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மூங்கிலை நீளமாய்ப் பிளந்து, முக்கோணமாய்ச் சீவி, ஆறு சிம்பைச் சேர்த்து ஒட்டித் தடி செய்யும் முறை வளர்ந்தது. ஒட்டியது மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சிய வச்சிரத்தால். வச்சிரம் தண்ணீரில் இளகும், அதனால் மேலே வார்னிஷ் பூசிக் காப்பாற்ற வேண்டும். பிறகு பிறகு தென்சீனத்து மூங்கில்தான் இதற்கு உயர்ந்தது என்று எல்லாரும் அதையே வாங்கினார்கள்.

1950இல் கொரியப் போர். அந்த வருசக் கடைசியில் அமெரிக்கா சீனாவுக்கு எதிராகப் பொருளாதாரத் தடை போட்டது. மூங்கில் வரத்து நின்றது. அந்த வெற்றிடத்தில் ஏறி உட்கார்ந்தது பைபர் கிளாஸ். ஆதர் ஹோவல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துத் தடி செய்யும் வழியைக் கண்டிருந்தார். சேக்ஸ்பியர் என்ற கம்பனி அதை விற்றது. பத்துப் பதினைந்து வருசத்தில் மூங்கில் தடி பணக்காரர் விளையாட்டாகிவிட்டது.

தடை என்ற சொல் எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று ஒவ்வொன்றாய் மறித்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அமெரிக்காவில் தடை வந்ததால் மூங்கிலில் இருந்து பைபருக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் பைபரில் இருந்து குங்கிலியத்துக்குத் திரும்பிப் போனோம்.

மாமாவின் கதை இதுதான். குருநகரில் இருந்து 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரம் என்பவர், அங்கே போய்ச் சேர்ந்த முதல் தமிழர் என்று சொல்வார்கள். மீன்பிடி படித்துவிட்டு, நோர்வே இளைஞர் அமைப்புகள் சேர்த்த பணத்தோடு 1967இல் சீநோரைத் தொடங்கினார். இலங்கையின் ஆங்கிலப் பெயரில் பாதி, நோர்வேயில் பாதி. குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகுத் தளம். பிறகு நோர்வேக்குப் படிக்கப் போன எத்தனையோ பெடியளுக்கு வழி திறந்ததும் இந்தத் தொடர்புதான். ஒஸ்லோவில் இருக்கிற வாசகர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மாமா இருபது வயதில் அங்கே சேர்ந்தவர். அச்சுக்குள் மெழுகு பூசி, கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினில் இறுக்குமருந்து கலந்து தூரிகையால் குத்திக் குத்தி ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். மருந்து ஒரு துளி கூடினால் கை எடுக்க முதல் இறுகிச் சூடேறிப் புகைக்கும். குறைந்தால் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும். வெக்கை நாளுக்கு ஒரு கணக்கு, மழைநாளுக்கு ஒரு கணக்கு. மாமாவுக்கு அது விரல் நுனியில் இருந்தது. சேட்டில் எப்பவும் ரெசின் மணம். நாங்கள் சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவோம்.

1991இல் காரைநகர் முழுக்க இடம்பெயர்ந்தது. தீவு கடற்படைத் தளமானது. மாமா ஒரு சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கடலிலும் கட்டுப்பாடு. எங்கள் கரையில் கிடந்த ஒரு பழைய மர வள்ளத்தை வாங்கி, ரெசின் இல்லாததால் தன் தகப்பன் செய்தபடி குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். சைக்கிள் ரியூப்பும் சொலுசனும் வைத்து ஓட்டை அடைத்தார். நவீனப் பசை படித்த கை, பழைய பசைக்குத் திரும்பி வந்து, அதையும் வடிவாய்ச் செய்தது. அந்த வள்ளம் எங்களுக்குச் சோறு போட்டது. 1995 ஒக்ரோபர் 30 இரவு அதைக் கரையில் விட்டுவிட்டுத்தான் நடந்தோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது விறகாகக்கூட மிச்சம் இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையிலும் உதவி நிறுவனங்கள் பைபர் வள்ளங்களைக் கொடுக்க, கட்டுமரம் வேகமாய் மறைந்தது. இலகு, வேகம், இயந்திரம் பூட்டலாம். குறை சொல்லவில்லை. ஆனால் அவிழ்த்துக் காயப்போடுகிற பழக்கமும் அதோடு போய்விட்டது. உடைந்த பைபர் வள்ளங்கள் உக்காமல் கரையில் கிடக்கின்றன.

எனக்கும் அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சந்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியதோடு என் பல்கலைக்கழகப் படிப்பும் அரைகுறையில் நின்றது. பிறகு இங்கே. இப்போது பட்டம் இல்லாத கையில் கரண்டி.

இன்றைய தடிகள் பெரும்பாலும் கார்பன் இழை. 1970களில் கடைக்கு வந்தவை. மெல்லிசு, பாரமில்லை, வளைவில் பலம். ஆனால் நேர் நெருப்புப் பட்டால் இழையைப் பிடித்திருக்கிற பிசின் கருகிவிடும். பக்கவாட்டில் குறட்டால் நெரித்தால் வெடிக்கும். அந்தத் தம்பிக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குசினி வேலைக்காரர் இரண்டுதரம் கழுவுங்கள். பழைய பசையைச் சுரண்டாமல் மெல்லச் சூடுகாட்டித் துடைத்து எடுங்கள். வளையத்தின் குழாய் அளவு அங்குலத்தில் 64இல் ஒரு பங்குக் கணக்கில் வரும். தடியைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். லேசாய் ஆடாமல் நுழைய வேண்டும், அடித்து இறக்கக் கூடாது. தடி நுனியை மென்மையான மினுக்குக் கடதாசியால் இரண்டு தடவு தடவி, ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பசை, சூட்டில் இளகும் குச்சிப் பசை. நுனி வளையத்துக்கென்றே தூண்டில் கடைகளில் விற்கிறார்கள். கைவேலைக்குப் பாவிக்கிற சாதாரணக் குச்சி அவசரத்துக்கு உதவும், ஆனால் கோடை வெயிலில் பூட்டின காருக்குள் இளகலாம். குச்சியை உருக்கித் தடி நுனியில் மெல்லப் பூசுங்கள். வளையத்தின் உலோகக் குழாயை மட்டும் சூடாக்கிச் செருகுங்கள். மற்ற வளையங்களோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிழைத்தால் பயமில்லை, திரும்பச் சூடுகாட்டித் திருப்பலாம். பிதுங்கியதை ஆறியபின் நகத்தால் உரித்துவிடலாம்.

நாளைக்குப் பீங்கான் வெடித்தால் கொதிநீரில் குழாயைப் பிடியுங்கள். அதற்கும் இளகாவிட்டால் லைட்டர் சுவாலையை உலோகத்தில் மட்டும் ஒரு சில விநாடி காட்டுங்கள். முறுக்காமல் நேராய் இழுத்தால் வந்துவிடும். தடி தப்பும். எபொக்ஸி கெட்டது என்று நான் சொல்லவில்லை. தடியின் பிடிக்கு, சுருள் பூட்டுகிற இடத்துக்கு அதுதான் வேண்டும். அவை தடி உள்ளவரை இருக்க வேண்டியவை. நுனி அப்படி அல்ல. முதலில் அடிபடுவது அதுதான், அடிக்கடி மாற வேண்டியதும் அதுதான்.

மாமா 2017இல் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போக எனக்குப் பேப்பர் சரிவரவில்லை. வீடியோவில் பார்த்தேன். எந்த நாளைக்கு எத்தனை துளி மருந்து என்ற அந்தக் கணக்கை ஒருநாளும் நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. கோலில் கேட்டது எல்லாம் "சுகமோ, சாப்பிட்டியளோ, காசு வந்ததோ". சீநோரில் வேலை செய்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள். ரொறன்ரோவில், ஒஸ்லோவில், ஊரில். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் தயவுசெய்து இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த மரம், எந்தப் பிசின், எவ்வளவு எண்ணெய், எந்தக் காத்து. கேட்டதை எழுதி வையுங்கள்.

அந்த அண்ணைக்கு நான் புதுத் தடி வாங்கிக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று நின்று, பிறகு வாங்கினார். பழைய தடியை எனக்குத் தந்தார். மூன்றங்குலம் குறைந்த நுனிக்குக் கொஞ்சம் பெரிய வளையம், குச்சிப் பசை. இப்போது அவர் எட்மன்ரனில் மகளோடு இருக்கிறார். தடி என்னிடம். இதுவரை நாலுதரம் நுனி மாற்றிவிட்டேன்.

நாளைக்கு வேலைக்குப் போகும்போது அந்தத் தம்பிக்கு ஒரு குச்சிப் பசை கொண்டுபோக வேண்டும். மறக்காமல் இருக்கச் சப்பாத்துக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.